பிலோமினா அக்காவைத் தேடி வந்த கார்

போன புதன்கிழமை காலை பத்து மணியிருக்கும். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலியைத் தாண்டிக் குதித்து என் குசினிக்குள் வந்து நின்றார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் வலிக்கு மருந்து எடுக்கிறவர். கையில் மீன் வெட்டிய கத்தி வேறு. என் வீட்டுக்கு கேட் இருக்கிறது. இத்தனை வருடமும் அதன் வழியாகத்தான் வந்திருக்கிறார்...

"தங்கச்சி, அவங்க வந்துட்டாங்க" என்றார்.

யார் வந்துவிட்டார்கள்? ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அக்காவின் வீட்டு வாசலில் ஒரு பொலிஸ் கார். ஆனால் நாம் வழக்கமாகப் பார்க்கும் பொலிஸ் கார் இல்லை. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. கதவில் ஏதோ பெரிய எழுத்து. அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் காய்ந்த பிறகு எழுத்து மெல்ல மறுபடியும் தலைகாட்டியிருந்தது.

"நான் வாசிச்சிட்டன். அந்த ஊர்க் கார்தான்."

அந்த ஊர் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் ஒரு நகரம். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை எங்கள் கடற்கரையில் வீட்டுக்கொருவர் இத்தாலியில் இருக்கிறார், அல்லது இருந்துவிட்டு வந்திருக்கிறார். பிலோமினா அக்கா அந்த நகரத்தில் பதினொரு வருடம் இருந்தவர். படுக்கையில் கிடந்த ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வேலை இருந்தது, சாப்பாடு இருந்தது, நல்ல மனிதர்கள் இருந்தார்கள். பேப்பர்தான் இருக்கவில்லை. அக்கா 'பேப்பர்' என்று சொன்னால் அதற்குள் விசா, அனுமதி, அதன் மேல் குத்துகிற முத்திரை எல்லாம் அடக்கம்.

பேப்பர் இல்லாதவர் என்ன செய்வார்? பாண் வாங்கப் போனாலும் தெரு மூலையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். எந்தப் பொலிஸ் கார் எத்தனை மணிக்கு எந்தத் தெருவால் வரும் என்பது அந்த நகரத்துப் பொலிஸைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரியுமாம்.

அப்படியிருந்தும் நான்காம் வருடம் பிடிபட்டார். காரில் ஏற்றிக்கொண்டு போய், நாட்டை விட்டுப் போகச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அக்கா அதை நாலாக மடித்து அரிசி டின்னின் அடியில் வைத்துவிட்டு, மேலும் ஏழு வருடம் இருந்தார். அந்த அம்மா கண்ணை மூடிய பிறகுதான் ஊருக்கு வந்தார். எயார்போர்ட்டில் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அக்காவுக்குப் பெரிய கவலையாகிப் போனது. அப்போது கேட்காதவர்கள் எப்போது கேட்பார்கள்?

இப்போது கேட்க வந்துவிட்டார்கள். அதே நகரத்தின் அதே கார், கடல் தாண்டி, அவர் வீட்டு வாசலுக்கு!

நானும் நடுங்கத்தான் தொடங்கினேன். பிறகு... மெல்ல ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. வந்ததும் நடுக்கம் இன்னும் கூடியது.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி என்னை நிறுத்தி ஒரு செய்தி சொல்லியிருந்தார். அந்த இத்தாலி நகரம் தனக்கு மிஞ்சிப்போன பழைய பொலிஸ் கார்களை நம் நாட்டுப் பொலிஸுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறது. அதில் ஒன்று எங்கள் பக்கத்து நிலையத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் அது இத்தாலி பாஷையில் எழுதுகிறது, சத்தம் போடுகிறது, யாருக்கும் விளங்கவில்லை. தலவிலத் தேவாலயத் திருவிழா வேறு வருகிறது, வாகனம் தேவை. அதனால் சுவாமி பிலோமினா அக்காவின் பெயரைக் கொடுத்திருக்கிறார். பழகிய ஊர் வாகனத்தைப் பார்த்தால் பிலோமினா சந்தோஷப்படுவாள், பொலிஸார் புதன்கிழமை வருவார்கள் என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். பத்திரிகைக்கு நான் எழுதுகிற இந்தப் பத்திக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா கத்தியை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில், அதை இன்னும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கலாமோ என்று யோசித்த மாதிரி தெரிந்தது. நீயும் கூட வந்தால்தான் போவேன் என்றார். மறுக்க எனக்கு வாய் ஏது?

காரிலிருந்து பண்டார சார்ஜன்ட் இறங்கினார். பாண் சுடுகிற போறணைக்குள்ளிருந்து இறங்கியவரைப் போலிருந்தார் – சட்டை தோய்த்தெடுத்த மாதிரி நனைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் நெடுநாள் வேலை செய்கிறவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மரியாதையாக அக்காவுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

அக்கா அசையவில்லை.

"பின்னுக்கு ஏற மாட்டன் சேர். உள்ளுக்கிருந்து கதவு திறக்க ஏலாது."

சார்ஜன்டின் கண் விரிந்தது. அந்த உண்மையை அவர்கள் அறிந்ததே போன கிழமைதானாம். வாகனத்தைக் கையளித்த அன்று ஒரு பெரிய அதிகாரி பின்னால் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எல்லோரும் தேநீருக்குப் போய்விட்டார்கள். அவர் உள்ளே இருந்து கை காட்டியிருக்கிறார். இவர்களும் திரும்பிக் கை காட்டியிருக்கிறார்கள்.

"அக்காவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"ஒருக்கா ஏறியிருக்கன்."

சார்ஜன்ட் முன்கதவைத் திறந்துவிட்டார். வலது பக்கம் – நம் நாட்டில் சாரதி இருக்கும் இடம். பின்னால் யார் ஏறுவது? செய்தி சொல்ல மறந்தவளும், சார்ஜன்டும்தான்.

கார் புறப்பட்டது. ஸ்டியரிங் பிடித்திருந்த பொலிஸ் கொஸ்தாப்பல் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். உள்ளே அனல். 'டிங் டிங்' என்று விடாமல் மணி அடித்தது. முன்னால் சிவப்பில் ஒரு வரி மின்னி மின்னி மறைந்தது. அதைக் கண்டு பயந்துதான் இந்த வேகமாம். பட்டரியை மாற்றிப் பார்த்தார்களாம். புத்தளத்திலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினார்களாம். கடைசியில் சுவாமியும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனாராம். சிவப்பு வரி போகவில்லை. எந்த நேரம் எஞ்சின் வெடிக்குமோ என்று சார்ஜன்ட் கவலைப்பட்டார்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். இல்லை, சிரிக்கிறார்!

"சீட் பெல்ட் போடச் சொல்லுது சேர். நாலு பேரும் போடல்ல."

தினமும் வீதியில் நின்று சீட் பெல்ட் போடாதவர்களை மறித்துத் தண்டம் எழுதுகிற சார்ஜன்ட், பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். கொஸ்தாப்பலும் மாட்டினார். அக்காவும் நானும் மாட்டினோம். மணி நின்றது.

அடுத்த வரியையும் அக்கா வாசித்தார். வெளியே ஐஸ் உறைந்திருக்கிறது, வழுக்கும், கவனமாகப் போகவும் என்று இருந்ததாம். வெளியே புத்தளத்து வெயில்! குளிரை அளக்கிற ஏதோ ஒன்று உள்ளே பழுதாகிக் கிடக்கிறது. கடுங்குளிர் என்று நம்பிய கார், பாவம், எங்களைச் சூடாக வைத்திருக்கத் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது. அக்கா இரண்டு பொத்தானை அழுத்தினார். குளிர் காற்று வந்தது. சார்ஜன்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

நிலையத்து வாசலில் கார் நின்றது. கொஸ்தாப்பல் இறங்கி, பொறுப்பதிகாரியிடம் நல்ல செய்தி சொல்ல உள்ளே ஓடிவிட்டார். அக்காவும் இறங்கினார். நானும் சார்ஜன்டும் பின்னால்... உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவுகளுக்கு நடுவே.

அக்கா வெளியே நின்று கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். முதலில் என்னை. பிறகு சீருடையோடு இருந்த சார்ஜன்டை. அவரைத்தான் கூடுதலான நேரம் பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. பதினொரு வருடத்தையும் அந்த ஒரு பார்வையில் பார்த்து முடித்த மாதிரி இருந்தது. பிறகுதான் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று மதியம் வரை இருந்து, ஒவ்வொரு பொத்தானின் கீழும் பிளாஸ்டர் துண்டு ஒட்டி, சிங்களத்திலும் தமிழிலும் பெயர் எழுதிக் கொடுத்தார். நான் தேநீர் குடித்துக்கொண்டு யோசித்தேன். ஒரு நகரம் தனக்கு வேண்டாம் என்று விட்டவை இரண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. காரை வரவேற்க மேடை போட்டு, பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். அக்கா வந்த அன்று எயார்போர்ட்டிலிருந்து பஸ் ஏறி, இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து வந்தார். இரண்டில் எது ஊருக்கு அதிகம் உதவுகிறது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்.

புறப்படும்போது சார்ஜன்ட் பெரிய புத்தகத்தைத் திறந்தார். உதவி செய்தவரின் விபரம் எழுத வேண்டுமாம். தயங்கித் தயங்கி அடையாள அட்டையைக் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பையைத் திறந்து, அட்டையை எடுத்து, மேசையில் சார்ஜன்ட் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"வடிவாப் பாருங்க சேர். அவசரமில்ல."

சார்ஜன்ட் நிதானமாக, வடிவாகத்தான் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது – படத்தைத் தவிர. ஆனால் அடையாள அட்டைப் படத்தில் யார்தான் வடிவு?