ஏத்துற லோடு, எறக்குற லோடு

ஓசூரில் ஐம்பது வயதைத் தாண்டியும் கோல் போஸ்ட் நடுவில் நின்று பந்தைப் பாய்ந்து பிடிக்கிற ஆள் ஒருத்தன்தான். அது நான். இதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் மற்றவர்கள் சொன்னால் சரியாகச் சொல்வதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லேத்துப் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டி, பிறகு அந்த லேத்தையே ஓட்டி, இன்றைக்குச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு கொடுக்காததை எல்லாம் இந்த இரண்டு கைதான் கொடுத்தது.

போன வருஷம் ஐம்பது தாண்டியவர்களுக்கு மாவட்ட அளவில் கால்பந்துப் போட்டி வைத்தார்கள். அதற்குள் நுழையத் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம். முதல் ஆட்டம் ஜெயித்தோம். அன்று சாயங்காலமே ராயக்கோட்டை ரோட்டில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டேன். 'மாவட்டப் போட்டிக்குத் தேர்வான எங்கள் சிங்கங்களுக்கு வாழ்த்துகள்.' மேலே நான், காதில் செல்போனோடு. மற்றவர்கள் எல்லோரும் கீழே, சின்னதாக.

"இன்னும் ரெண்டு மேட்ச் இருக்குதேப்பா" என்று கேப்டன் தலையில் கை வைத்தார். கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். செக் பண்ணிவிட்டுத்தான் தும்முவார்.

"ஆர்டர் வரும்னு நம்பித்தான் நான் மெஷினே வாங்கினேன். அப்புறம் ஆர்டர் வந்துச்சா இல்லையா?" என்றேன்.

இரண்டாவது ஆட்டத்தில் பந்து என் வலது கை விரலை ஒரு பக்கமாக மடக்கிப் போட்டது. ஆட்டமும் போச்சு. குந்தாரப்பள்ளிப் பக்கம் எலும்புக் கட்டுப் போடுகிற பெரியவரிடம் போனேன். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்து, முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணி சுற்றினார். கையைத் தொங்கப் போடாதே, தூக்கியே வை என்றார்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்குதுங்க."

"போய்ப் பாரு. யாரு வேணாம்னா?"

"பாக்க இல்லீங்க, ஆட."

கட்டை இன்னொரு சுற்று இறுக்கினார். அதுதான் பதில்.

ஓசூர் திரும்பினால் டீக்கடைக்காரன் காத்திருந்தான். "சிங்கத்துக்கு டீய ஆத்தித் தரட்டுமாண்ணா? ஒரு கைதானே இருக்குது." வீட்டில் மனைவி, "கையில முட்டை நாத்தம், ரோட்டுல ஃப்ளெக்ஸு. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பால் வாங்கப் போவேன்?" என்றாள். நான் அசரவில்லை. கடைசி ஆட்டம் டிரா ஆனாலே நாங்கள் உள்ளே.

எதிரே கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் கம்பெனிக்காரர்கள். சீசன் முழுக்க மாம்பழம் தின்று தேறின உடம்புகள். ரெஃப்ரீ என் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூங்கிலோட உள்ள வரக் கூடாதுங்க" என்றார். அங்கேயே பட்டைகளை உருவிப் போட்டேன். வெறும் துணிக்கட்டோடு நின்று தண்ணீர் பாட்டிலைப் பிடித்துப் பார்த்தேன். நழுவி விழுந்தது. ஆடாமல் வெளியே உட்காரவும் முடியாது. ஒருத்தர் கோலாரில் கல்யாணத்துக்குப் போய்விட்டார், இன்னொருத்தருக்கு ஓவர்டைம். என்னையும் சேர்த்தால்தான் பதினொன்று.

எனக்குப் பதிலாகக் கோலில் நிற்க, கேப்டன் எங்கள் லெஃப்ட் பேக்கைக் காட்டினார். ராயக்கோட்டை மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் வியாபாரி. முதலாளியான பிறகும் லாரி மேல் ஏறி நிற்பார். கீழேயிருந்து ஆள் வீசுகிற கோஸைப் பிடித்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் அடுக்குகிறவனிடம் தள்ளுவார். "ஒரு கோசு என் கைய விட்டுத் தரையில வுழுந்ததில்ல" என்று பீற்றுவார். எனக்குப் பீற்றுகிறவர்களைப் பிடிக்காது. இருந்தாலும் என் கையுறையை எடுத்துக் கொடுத்துவிட்டு முன்வரிசைக்குப் போனேன். விரலைவிட அதுதான் வலித்தது.

முதல் பந்து சர்ரென்று வந்தது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். எல்லோரும் கை தட்டினோம். தட்டி முடிப்பதற்குள், திரும்பிப் பார்க்காமலே பந்தைத் தோளுக்கு மேல் பின்பக்கம் தள்ளிவிட்டார். வலைக்குள்.

மாம்பழக்காரர்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். இவர் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு, "பின்னாடி ஆளில்லையே" என்றார்.

இடைவேளையில் கேப்டன், "ஃப்ளெக்ஸக் கழட்டச் சொல்லுப்பா" என்று உட்கார்ந்துவிட்டார். நான் வியாபாரியைத் தனியே கூட்டிப் போனேன்.

"மாப்ள, நீ லோடு ஏத்திக்கினு இருக்கிறே. இது எறக்குற லோடு. பெங்களூர் மார்க்கெட்டுல லாரி நிக்குது. பின்னாடி முழுக்க ரொம்பிக் கெடக்குது, ஒரு கோசுக்கு எடமில்ல. எல்லாத்தையும் முன்னாடிதான் வீசணும்."

அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கீழ நின்னு வாங்குறது யாருண்ணா?"

"நான்தான். கையத் தூக்கிக்கினு நிப்பேன். அந்த வெள்ளக் கட்டப் பாத்து வீசு."

இரண்டாம் பாதி முழுக்க பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டே ஓடினேன். பெரியவர் சொன்னபடியும் ஆச்சு. வருகிற பந்தையெல்லாம் பிடித்து, கட்டு தெரிகிற இடத்துக்கு வீசினார் அவர். அளந்து வைத்தது மாதிரி வந்து விழுந்தது. அப்படி வந்த ஒன்றை நெஞ்சில் வாங்கி இடது காலால் விட்டேன். அது ஒரு மாம்பழக்காரர் முட்டியில் பட்டு உள்ளே போனது. முட்டி அவருடையதாக இருக்கலாம், கோல் என்னுடையது. இதில் விவாதம் வேண்டாம்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். அவர்கள் கடைசியாக ஒரு உதை விட்டார்கள். வியாபாரி எம்பிப் பிடித்தார். பிடித்த கை பழக்க தோஷத்தில் மெல்லத் தோள் பக்கம் போனது.

"லாரி ரொம்பிருச்சு" என்று பத்துப் பேரும் ஒரே குரலில் கத்தினோம். செக் பண்ணாமல் வாய் திறக்காத கேப்டன் குரல்தான் அதில் பெரிசு.

கை அங்கேயே நின்றது. கண் என் கட்டைத் தேடியது. பந்து முன்னால் வந்தது. விசில் ஊதியாச்சு. ஆளுக்கொரு கோல், நாங்கள் மாவட்டப் போட்டிக்குள்.

அடுத்த நாள் குந்தாரப்பள்ளியில் பெரியவர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூங்கில யாரு எடுத்தது?"

"ரெஃப்ரீங்க."

"அடுத்த தடவ அவனையும் கூட்டிக்கினு வா. அவனுக்கும் ஒரு கட்டுப் போடறேன்."

விரல் மடங்க இன்னும் நாள் ஆகும் என்றார். மாவட்டப் போட்டி அதற்கு முன்பே வந்துவிடும். சாயங்காலம் வியாபாரி ஒரு மூட்டை முட்டைக்கோஸோடு பட்டறைக்கு வந்து, கையுறையை மேஜை மேல் வைத்தார். நான் அதை இடது கையால் அவர் பக்கம் தள்ளினேன். "மாவட்டத்துக்கும் நீயே நில்லு மாப்ள" என்றேன்.

மரியாதைக்காவது ஒரு தடவை வேண்டாமென்று சொல்வார் என்று பார்த்தேன். எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நல்ல வியாபாரி.