மாஸ்டர் குடித்த இரண்டு டம்ளர் குழம்பு

எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் முதலாளியின் முகம் தெரியாதவர்கள் உண்டு. கேன்டீன் மாஸ்டரைத் தெரியாதவர் கிடையாது. முந்நூறு பேருக்குச் சமைத்துப் போடும் அந்த மனிதர் என் அக்காவின் கணவர். நான் மாடியில் காலர் தைக்கிறேன். வெங்காயம் வதங்கும் வாசனை படியேறி வந்துவிட்டால் எங்கள் வரிசையில் மெஷின்கள் கொஞ்சம் வேகமாக ஓடும். வேலை மேல் பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், எல்லாம் பசிதான்.

மாமாவுக்கு அளவு என்ற ஒன்றே கிடையாது. கை அள்ளும், போடும், அவ்வளவுதான். பிறகு கரண்டியிலிருந்து இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி உறிஞ்சி உப்புப் பார்ப்பார். கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பார். தலை ஆடினால் அடுப்பை அணைக்கலாம். ஆடாவிட்டால் இன்னும் ஒரு கை உப்பு உள்ளே போகும். ஒரு நாளும் அவர் குழம்பு சப்பென்று இருந்ததில்லை.

போன வருடம் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சமையல்கட்டில் எந்நேரமும் ஆவிதானே, அதுதான் மறைக்கிறது என்று வெகுநாள் ஆவியின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் வாசலில் வந்து நின்ற மேனேஜரைப் பார்த்து, “தம்பி, முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கியாச்சா?” என்று கேட்டார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த வாரம் அடுப்பின் மேல் துணியை வைத்துவிட்டு அது பற்றிக்கொண்டதுகூடத் தெரியாமல் நின்றபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேனேஜர் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். “கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க மாஸ்டர். அதுக்காகக் கொஞ்ச நாள் பொறுத்துக்கறேன். அதுக்கு மேல உங்களை அடுப்புப் பக்கம் விடமாட்டேன். ஏதாவது ஆயிட்டா உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அடுப்பு இல்லாமல் மாமா என்ன செய்வார்? அவருக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்.

அறுவை சிகிச்சை ஒன்றும் பெரிய விஷயமில்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. கண் டாக்டரம்மா அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “இது இறங்காம நான் கண்ணுல கை வைக்க மாட்டேன். மாத்திரையை ஒழுங்கா போடுங்க. உப்பைப் பாதியா குறைங்க.”

அன்று மாலையே அக்கா வீட்டில் ஆட்சி மாறியது. உப்பு டப்பா எட்டாத அலமாரிக்குப் போனது. ஊறுகாய் ஜாடி என் வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. அதற்கு நான் எந்த எதிர்ப்பும் தெரிவிக்கவில்லை. பாக்கெட்டுகளில் உள்ள பொடி எழுத்தைப் படிக்க மாமாவுக்குக் கண் இல்லை, அக்காவுக்குப் பொறுமை இல்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. சோடியம் என்று எங்கே போட்டிருந்தாலும் அது உப்புக் கணக்குதான் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார். சாஸில் இருந்தது. சூப் பொடியில் கொட்டிக் கிடந்தது. இனிப்பு பிஸ்கட்டிலும் இருக்கிறது என்று நான் படித்தபோது, கூடப் பிறந்தவளே கோள் சொல்லிவிட்டது போல அக்கா அந்த பிஸ்கட்டைப் பார்த்தாள்.

மாமா எதற்கும் முரண்டு பிடிக்கவில்லை. முந்நூறு பேருக்குப் பரிமாறிவிட்டு மூலையில் உட்கார்ந்து, அக்கா கட்டிக்கொடுத்த சப்பென்ற சாப்பாட்டை மருந்து மாதிரி விழுங்குவார். நானே என் கண்ணால் பார்த்தேன். பாவமாக இருக்கும். ஆனாலும் என் தட்டிலிருந்த வறுவலை நான் அவர் எதிரில்தான் தின்றேன், பொய் சொல்வானேன்.

மறுபடி போனபோது அழுத்தம் இம்மியும் இறங்கவில்லை. டாக்டரம்மா தேதி தராமல் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கடுத்த முறையும் அப்படியே.

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “உண்மையைச் சொல்லுங்க. வெளியில எங்கே போய்த் திங்கறீங்க?”

“சத்தியமா ஒரு வாய் திங்கல.”

“அப்போ மாத்திரை பொய் சொல்லுதா, மெஷின் பொய் சொல்லுதா?”

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டைப் பையை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் பையில் பூண்டுத் தோல் ஒன்று அகப்பட்டதற்கு இரவெல்லாம் விசாரணை. மாமா பேச்சையே குறைத்துக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான். இவ்வளவு நல்ல மனிதர் சாப்பாட்டுக்காகப் பொய் சொல்லுவாரா என்று நினைத்தால் கோபம் வந்தது, கூடவே பயமும் வந்தது. மேனேஜர் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று ஒருநாள் அக்கா கிளம்பியே வந்துவிட்டாள். மாமா மாத்திரையை மறந்துவிட்டார் என்று வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே நுழைந்தாள். எனக்கு நூல் தீர்ந்துபோனது, அதாவது தீர்ந்துபோனதாக சூப்பர்வைசரிடம் சொன்னேன். பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு பேரும் போய் நின்றோம். அவர் கண் இருந்த நிலைக்கு நாங்கள் ஒளிய வேண்டிய அவசியமே இல்லை.

மாமா பெரிய பானையைக் கிண்டினார். உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார். உப்புப் போட்டார். மறுபடி உறிஞ்சினார். அடுத்த பானைக்குப் போனார், அங்கேயும் உறிஞ்சினார். வறுவலில் ஒரு துண்டு வாயில் போனது. வெந்துவிட்டதா என்று இன்னொரு துண்டு. திரும்பி வந்து முதல் பானை. தண்ணீர் விட்டார், உறிஞ்சினார். அடுப்பைக் குறைத்தார், உறிஞ்சினார்.

நான் இதை எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்! சமையல்காரர் என்றால் உப்புப் பார்க்கத்தானே செய்வார்? அக்கா மட்டும் மேடை மேலிருந்த ஒரு டம்ளரை எடுத்தாள். அவர் ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் கூஜாவிலிருந்து அதே அளவு தண்ணீரை அதில் விட்டாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்த டம்ளர் நிரம்பி, அடுத்ததும் நிரம்பிவிட்டது. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போய் இரண்டையும் அவர் எதிரில் ணங்கென்று வைத்தாள்.

மாமா திருதிருவென்று விழித்தார். “நீ எங்கே இங்க?”

“இது என்னன்னு சொல்லுங்க.”

“தண்ணி.”

“இல்ல, குழம்பு. இவ்வளவு நேரமா நீங்க உறிஞ்சின குழம்பு. வறுவல் கணக்குத் தனி.”

“அது உப்புப் பாக்கறதுடி! அதைப் போய் யாராவது சாப்பாட்டுல சேப்பாங்களா?”

“நீங்க பாத்தீங்களா சாப்பிட்டீங்களான்னு வயித்துக்கு எப்படிங்க தெரியும்?”

மாமா டம்ளர்களைத் தடவிப் பார்த்தார். ஒன்றைத் தூக்கி அதன் கனத்தையும் பார்த்தார். பிறகு வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

“அப்போ நான் திருடித் திங்கலைன்னு இப்பவாவது நம்பறியா?” என்றார்.

அக்கா “நம்பறேங்க” என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே சட்டையை மோந்து பாக்க மாட்டேன்.” எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மாமா பொய்யர் இல்லை, அது போதும்.

அப்புறம் வேலை தொடங்கியது. ஒரு பானைக்கு ஒரு முறை, அதுவும் கடைசியில், கரண்டி நுனியில் மட்டும் ருசி பார்ப்பது என்று ஏற்பாடு. மற்றபடி கிண்ணத்தில் அளந்து போட வேண்டும். கிண்ணத்தைக் கையில் கொடுத்தபோது மாமா அதைச் சம்பந்தி வீட்டு ஆளைப் போல ஏற இறங்கப் பார்த்தார். அத்தோடு நிற்கவில்லை. தனக்கு ஆகாதது தொழிலாளிகளுக்கு மட்டும் ஆகுமா என்று முதல் நாளே பானையிலும் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

துணி வெட்டும் பிரிவில் ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். குரலை வைத்து அவருக்கு ‘இடி’ என்று பெயர். அன்று இடி தட்டைத் தட்டியதில் ஜன்னல் அதிர்ந்தது. “மாஸ்டர்! உப்பு விலை ஏறிப்போச்சா? இதை மனுஷன் திம்பானா?” மாமா பயந்துபோய் மறுநாள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்.

அவசரம்தான் தப்பு என்று பிறகுதான் புரிந்தது. வாரத்துக்கு ஒரு கரண்டி என்று குறைத்துக்கொண்டே போனார். குறைந்த இடத்தில் எலுமிச்சை வந்தது, பூண்டு வந்தது, மிளகு வந்தது. வெங்காயம் இன்னும் கொஞ்சம் சிவந்தது. கேன்டீனில் சூப் பொடி டப்பா காலியானதும் புதிது வாங்கவில்லை. தொழிற்சாலையில் விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வாயில் ரகசியம் தங்காது என்பது ஊரறிந்த சங்கதி. இந்த ஒன்று மட்டும் எப்படியோ தங்கியது. நடுவில் ஒருநாள் இடி ஏப்பம் விட்டுக்கொண்டே, “இப்பதான் மாஸ்டர் பழைய கைக்கு வந்திருக்காரு!” என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கை கழுவ ஓடினேன்.

மேனேஜரின் கெடு முடிவதற்குச் சில நாள் முன்பு டாக்டரம்மா மறுபடி கையில் பட்டையைக் கட்டியபோது அக்கா மூச்சையே விடவில்லை. டாக்டரம்மா ஒருமுறை பார்த்தார். சந்தேகம் தீர இன்னொரு கையிலும் பார்த்தார்.

“நல்லா இறங்கியிருக்கே! தேதி குறிச்சிடலாம்.”

வயிற்றில் பாலை வார்த்தார் மகராசி. அக்கா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். மாமா பக்கத்தில் நின்று, “அதான் இறங்கிடுச்சே, அழாதே” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும்தான் அழுதேன்.

முதல் கண் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் மாமா அக்காவை உற்றுப் பார்த்து, “என்ன, இவ்வளவு நரைச்சுட்ட?” என்றார். “எல்லாம் உங்களாலதான்” என்றாள் அவள். இரண்டு பேருக்கும் முகம் கொள்ளாத சிரிப்பு.

அவர் ஓய்வில் இருந்த நாட்களில் வெளியிலிருந்து ஒரு சமையல்காரர் வந்தார். நல்ல அனுபவசாலி. முதல் நாள் சாப்பாட்டில் இரண்டு வாய் வைத்ததும் இடி தட்டைத் தட்டினார்.

“என்னய்யா இது? குழம்பா, கடல் தண்ணியா?”

எல்லா மேஜையிலிருந்தும் முணுமுணுப்பு எழுந்தது. ஆளாளுக்குத் தண்ணீர்ப் பானையைத் தேடிப் போனார்கள். நானும் ஒரு வாய் வைத்தேன், நாக்கு சுருண்டது. உள்ளே போய் எவ்வளவு உப்பு போட்டீர்கள் என்று அந்தச் சமையல்காரரைக் கேட்டேன். பாவம், அவர் அள்ளிக் காட்டினார்.

வேலை விட்டதும் நேரே அக்கா வீட்டுக்குத்தான் ஓடினேன். மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். இடி கத்தியதை அப்படியே நடித்துக் காட்டினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

“அந்த ஆள் எவ்வளவுதான் போட்டாராம்?” என்று கேட்டார்.

“முன்னாடி நீங்க போட்ட அளவுதான் மாமா. அதே கை அளவு.”

அவர் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். சரி பண்ணிய கண்ணால் அதை அவர் தெளிவாகப் பார்த்திருக்க வேண்டும்.

“இத்தனை வருஷமா முந்நூறு பேருக்கு இதையா போட்டேன்?” என்றார். கையை மடக்கிக்கொண்டு, “நல்லவேளை, எனக்குக் கண்ணு கெட்டுச்சு” என்றார்.