வழுக்குப்பாறை வரைக்கும்

போன கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு வாரத்தில், சிங்கம்புணரியைத் தாண்டி இருக்கும் பிரான்மலையில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. என் மகள் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரியவர்களும் படிக்கலாம். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளட்டும்.

நான் பத்தாவது வரை படித்தவன். காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பினால், அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. இருபது வருஷம் உட்கார்ந்ததில் உடம்பு கனத்து, கடை வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. டாக்டர் நடக்கச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஒரு கண்டக்டர் கடைக்கு வந்தார். அரசு பஸ்ஸில் வேலை. என்னைவிட மூன்று வயது சின்னவர். பேச்சுவாக்கில், தாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுவதாகச் சொன்னார். ஒரு நர்ஸ் அக்கா ஆரம்பித்த சங்கமாம். போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு பிரான்மலை, இன்னொரு ஞாயிறு ஏதாவது ஒரு கண்மாய்க்கரை. நானும் சேர்ந்துகொண்டேன்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பாரோ, அவர்தான் எல்லாருக்கும் முன்னால் போக வேண்டும். அவரை யாரும் தாண்டக் கூடாது. அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். அப்படி நடந்தால் ஒருவரும் பின்தங்கிப் போகமாட்டார்கள் என்பது அக்காவின் கணக்கு. முதல் நாள் என்னை முன்னால் விட்டபோது, புது ஆளுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். கண்டக்டர் பின்னால் இருந்து, டிரைவர் அண்ணே, பாதை பார்த்து ஓட்டுங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். விஷயம் புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. புரிந்த அன்றைக்கு என் காது சூடாகிவிட்டது.

மெதுவாக நடப்பதுகூடப் பரவாயில்லை. பாதி மலைக்கு மேல் ஒரு மொட்டைப்பாறை வரும். வழுக்குப்பாறை என்று நாங்களாக வைத்த பெயர். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஒரு செடிகூட இருக்காது, ஆகாயம்தான் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைகூட ஏறிவிடும் என்பார்கள். என்னால் முடியவில்லை. அதில் ஒரு கால் வைத்ததுமே பயந்து பின்வாங்கிவிட்டேன். இடுப்பு வலிக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அங்கே குரங்குகள் அதிகம் என்பதால் எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த மாதமும் பை பார்த்தேன். அதற்கடுத்த மாதமும் பார்த்தேன்.

மலை உச்சியில் எடுத்த படங்களை அக்கா ஞாயிறு மாலையே எல்லாருக்கும் போனில் அனுப்பிவிடுவார். என் மகள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். "நீங்க எங்கப்பா?" என்று கேட்டாள். நான் யோசிக்கவேயில்லை, வாயில் தானாக வந்தது. "நான்தானே போட்டோ எடுத்தேன்" என்றேன். அவளும் நம்பிவிட்டாள். அடுத்தடுத்த மாதங்களில் அவள் கேட்கக்கூட இல்லை. படத்தைப் பார்த்து, "அப்பா நல்லா எடுத்திருக்கீக" என்பாள்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கும், பிள்ளைகளே. என் பொய் நன்றாக வளர்ந்தது. அவள் வகுப்பில், எங்கள் அப்பா மலை ஏறுகிறவர் என்று சொல்லியிருந்தாள். எங்கள் தெருப் பிள்ளைகள் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. அந்த நேரம் பார்த்து அக்கா, அடுத்த முறை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார். மகள் குதித்தாள். எனக்கு இருந்தது பத்து நாள்.

யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை உச்சியைப் பார்த்துவிட்டால் போதும், பொய்யில் பாதி உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். அதனால் புதன்கிழமை விடிகாலை, சிங்கம்புணரியில் ஒருவருக்கு மோட்டார் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தனியாக மலைக்குப் போனேன். இதை நீங்கள் ஒருபோதும் செய்யக் கூடாது.

மழை பெய்த மலை. பாறையெல்லாம் ஈரம். வழுக்குப்பாறையில் நாலு காலில் தவழ்ந்து ஏறினேன். பாதி தூரம் போயிருப்பேன். சத்தமே இல்லாமல் மேகம் இறங்கியது. முதலில் மேலே இருந்த மரங்கள் போயின, பிறகு கீழே இருந்த பாதை போனது, கடைசியில் நீட்டிய என் கையே மங்கலாகத் தெரிந்தது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. பல்லி மாதிரிப் பாறையோடு ஒட்டிக்கொண்டேன்.

ஒரு கையால் சட்டைப் பையில் இருந்த போனை எடுத்துக் கண்டக்டருக்குப் பேசினேன். நல்ல வேளையாக அன்று அவருக்கு டூட்டி இல்லை. ஏன் போனீர்கள், எதற்குப் போனீர்கள் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அசையாதீக. கண்ணை மூடாதீக. வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார்.

அவர் வர இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். பயத்தில் கொஞ்ச நேரம் அழுதேன். அழுது ஓய்ந்த பிறகு என்னவோ ஓர் அமைதி வந்தது. வெள்ளைக்குள் வெள்ளையாக மேகம் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. மீசையில் முத்து முத்தாக நீர் கோத்தது. எங்கோ கீழே கோயில் மணி அடித்தது. ஒரு டிராக்டர், ஒரு மாடு, யாரோ யாரையோ கூப்பிடும் குரல், எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வந்தன. மலைக்கு வேரே இல்லை, அதுவும் மேகத்தோடு சேர்ந்து மெல்ல நகர்கிறது என்று தோன்றியது. என் முகத்துக்கு நேரே பாறை வெடிப்பில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு செடி, அதில் நீல நிறத்தில் ஒரு பூ. நான் மூச்சு விட்டால் அது ஆடியது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. எத்தனை நேரம் அதோடு விளையாடினேன் என்று தெரியாது. இத்தனை மாதம் இந்த மலைக்கு வந்தும், இதன் அழகு ஒன்றையும் பார்க்காமல் என் வெட்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

கீழே செருப்புச் சத்தம் கேட்டது. கண்டக்டர் மேகத்துக்குள்ளிருந்து முளைத்து வந்து, என் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்தார். கையைப் பிடிக்கவில்லை.

"எங்கண்ணே போகணும்? மேலயா, கீழயா?" பஸ்ஸில் கேட்கிற மாதிரியே கேட்டார்.

கீழே என்றேன்.

"காயில் சுத்துறப்ப எப்படி எண்ணுவீக?"

"மனசுக்குள்ள."

"இப்ப சத்தமா எண்ணுங்க. ஒரு அடி, ஒரு சுத்து. எண்ணிக்கை தப்புச்சுன்னா மறுபடி இங்கயே ஏறி வந்து முதல்லருந்து இறங்கணும், பார்த்துக்கங்க."

அவர் எனக்குக் கீழே, என் பாதத்தை எங்கே வைப்பது என்று தட்டிக் காட்டிக்கொண்டே இறங்கினார். நான் பாறையைப் பார்த்து எண்ணினேன். நாற்பத்தொன்றாவது சுற்றில் மண் வந்தது. அங்கேயே உட்கார்ந்து, மகளிடம் சொன்ன பொய்யிலிருந்து பாறையில் அழுதது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "டிக்கெட் எடுக்காத ஆளு எப்படி வருவான் தெரியுமாண்ணே? எங்குட்டும் திரும்பாம ஜன்னலையே பார்த்துக்கிட்டு வருவான். ஆறு மாசமா நீங்க அப்படித்தான் வாரீக" என்றார்.

என் பயம் அக்காவுக்கும் தெரியுமா என்று கேட்டேன். தனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும் என்றார். பிறகு ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்றதற்கு, "நீங்களா சொல்லுவீகன்னு இருந்தோம்" என்றார். பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சனிக்கிழமை ராத்திரி மகளிடம் சொல்லிவிட நினைத்தேன். அவள் புது கேன்வாஸ் ஷூவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். விடிகாலை பஸ்ஸில் சொல்ல நினைத்தேன். அவள் சன்னல் வழியாக எது மலை, எது மேகம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மலையடிவாரத்தில் இறங்கியதும் வழக்கம்போல என்னை முன்னால் விட்டார்கள். மகள் எனக்கு அடுத்து வந்தாள். மெல்லிய பனி, பாதையெல்லாம் ஈர மண் வாசனை. கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்.

"அப்பா, ஏன் எல்லாரும் நமக்குப் பின்னாடியே வாராக? நீங்கதான் தலைவரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்டக்டர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிக் காப்பாற்றுவார் என்று பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை.

நான் நின்று திரும்பினேன். "இல்லத்தா. இதுல நான்தான் ரொம்ப மெதுவா நடக்கிற ஆளு. அதான் முன்னாடி விட்டிருக்காக. நான் உச்சிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்தப் போட்டோ எதுவும் நான் எடுத்ததில்லை. பயந்துக்கிட்டுப் பாதியிலயே உக்காந்துருவேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பின்னால் போய் நர்ஸ் அக்காவோடு சேர்ந்துகொண்டாள். நடங்க தம்பி, வெயில் வந்துரும் என்றார் அக்கா.

முன்னால் நடப்பவனுக்குப் பின்னால் வருகிறவர்களின் முகம் தெரியாது. காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். பத்துப் பதினைந்து பேரின் சத்தத்தில் அந்தக் கேன்வாஸ் ஷூவின் சத்தம் எது என்று தேடிக்கொண்டே அன்று மலை ஏறினேன். அதைவிட நீளமான ஏற்றம் என் வாழ்க்கையில் இல்லை.

வழுக்குப்பாறை வந்ததும் நின்றுவிட்டேன். மகள் தன் பையை என் காலடியில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஏற ஏறச் சிறியவளாகி, ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியாகி, மேகத்துக்குள் போய்விட்டாள். நான் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வெயிலும் மேகமும் மாறி மாறி வந்தன. மேலே எங்கோ பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் காற்றில் வந்து வந்து கலைந்தது. அவள் சிரிப்பும் அதில் இருந்தது. அது போதும் போல இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே என்ன இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீங்க சொன்ன மரம் இல்ல" என்றாள்.

உச்சியில் ஊரே நிழலுக்கு ஒதுங்குகிற மாதிரி ஒரு பெரிய மரம் இருப்பதாக ஒருநாள் அவளிடம் அளந்துவிட்டிருந்தேன். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"நான் கிளாஸ்ல அந்த மரத்தை வரைஞ்சு காட்டிட்டேன். எங்கப்பா பார்த்த மரம்னு சொன்னேன். இப்ப என்னையத்தானே பொய்க்காரிம்பாக."

என் பொய்யை நான்தான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பாதியை அவள் தலையில் வைத்திருக்கிறேன். நானே பள்ளிக்கு வந்து டீச்சரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்ல வேணாம். எழுதிக் குடுங்க. எல்லாத்தையும் எழுதணும். பயந்தது, அழுதது எல்லாம்."

"நான் எங்க அழுதேன்?"

"அழுதீகளாம். மேல வச்சு கண்டக்டர் மாமா சொன்னாக."

திரும்பிப் பார்த்தேன். கண்டக்டர் மும்முரமாக ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பத்தாவதுக்குப் பிறகு நான் எழுதிய முதல் கட்டுரை அது. மூன்று நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு மோட்டாருக்கு எண்ணிக்கை தப்பியது. மகள் படித்துப் பார்த்து, ஓர் இடத்தில் நான் கொஞ்சம் வீரமாக எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னாள், அடித்தேன். அதை அவள் வகுப்பில் டீச்சர் வாசித்தாராம். ஒருவரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. தன் அப்பாவுக்கு நாய் என்றால் பயம் என்று ஒரு பையன் எழுந்து சொன்னானாம். அந்தக் கட்டுரையைத்தான் கொஞ்சம் நீட்டி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்றுவரை நான் உச்சிக்குப் போகவில்லை. வழுக்குப்பாறையில் போன மாதம் பாதிக்குச் சற்று மேலே போய் இறங்கினேன். கண்டக்டர் எனக்குப் பின்னால், மகள் அவருக்குப் பின்னால். இப்போதெல்லாம் முன்னால் நடக்க எனக்கு வெட்கமில்லை. ஆனால் பின்னால் அந்தச் சின்னக் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், நான் கால் வைத்த இடத்தை நம்பித்தான் அவளும் கால் வைக்கிறாள் என்ற நினைப்பு வரும், ஒவ்வொரு அடியையும் பார்த்து வைப்பேன்.