கண் திறக்கிற தானியேல்

வேலூர் லாங் பஜாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பின்கட்டில் உட்கார்ந்து, இறந்தவர்களுக்குக் கண் திறப்பதுதான் தானியேலின் தொழில். உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம் ஜனங்கள் பயந்த காலம் அது. ஆள் போன பிறகுதான் படக்காரரைத் தேடி ஓடுவார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு எடுத்த படம் கண் மூடியபடிதானே வரும்? அதைப் பெரிதாக்கிய தாளில், மூடிய இமைமேல் தானியேல் திறந்த கண்ணை வரைவார். இறந்தவரின் உடன்பிறந்தாரையோ பெற்ற பிள்ளையையோ எதிரே உட்காரவைத்து, அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் வரைவார். யாரும் வராவிட்டால் படத்தைத் தொடமாட்டார்.

“ரத்தத்துல வர்ற கண்ணு. நானா இன்னாத்த கண்டேன்?” என்பார்.

1918 ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்தது. பம்பாயில் பரவுகிறதாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். தானியேலின் மனைவி அமிர்தவள்ளி முதலிலேயே போய்விட்டாள். ஜுரம் என்று படுத்தவளை மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போனார்கள். படம் எடுக்கலாம் என்றால் ஸ்டூடியோக்காரரே படுக்கையில் கிடந்தார். ஊரார் பிணத்துக்கெல்லாம் கண் வரைந்த மனுஷன், சொந்தப் பெண்டாட்டியை ஒரு தாளில்கூடக் கிறுக்கிவைத்ததில்லை. எதிரிலேயே இருப்பவளை எதற்கு வரைவது என்று இருந்துவிட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

ஸ்டூடியோக்காரர் எழுந்து நடமாடியதும் படங்கள் வந்து குவிந்தன. எதிரே உட்காரத்தான் ஆள் இல்லை. உடன்பிறந்தவர்கள் ஜுரத்தில் கிடந்தார்கள், அல்லது அவர்கள் படமும் அந்தக் குவியலிலேயே இருந்தது. கண் மூடிய படத்தை வீட்டில் மாட்டக்கூடாது என்று ஜனங்கள் கெஞ்சினார்கள். தானியேல் தன் வழக்கத்தை விட்டு, மனசுக்கு வந்தபடி வரைந்துகொடுத்தார். கலவை, ஒடுகத்தூர் என்று ஊர் ஊராகப் படங்கள் போயின. யாரும் குறை சொல்லவில்லை.

ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்த பெருமாள் மட்டும் தன் மனைவியின் படத்தைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தான்.

“இது ராஜம்மா கண்ணு இல்லீங்க.”

“போய்யா, நானே பேஜார்ல இருக்கேன். கண்ணுன்னா எல்லாம் கண்ணுதான்.”

“கூட வாழ்ந்தவ கண்ணு எனக்குத் தெரியாதுங்களா? அவ மொறைச்சுதான் பாப்பா. இவங்க யாரோ, கோவமே தெரியாதவங்க. எம் பொண்ணுக்கு அம்மா மொகம் தெரியணும்னுதானே எடுத்தேன்? வேற யாரையோ எப்படிக் காட்டுவேன்?”

தானியேல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அமிர்தவள்ளிக்கு அப்படித்தான். எல்லாப் படத்திலும் அவள் கண்ணைத்தான் வரைந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே புரிந்தது. அவளை அடக்கம் செய்த அன்று வராத அழுகை இப்போது வந்தது.

“இன்னாங்க ஆச்சு?” என்று பெருமாள் பயந்துவிட்டான்.

“எம் பொண்டாட்டிய்யா இது.”

பெருமாள் படம் சுற்றிவந்த துணியை மடித்து இடுப்பில் செருகினான். “இத நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு வேற போட்டுக் குடுங்க” என்றான். வேறு போட வழியில்லை. படம் பிடித்த கண்ணாடித் தட்டு உடைந்துபோயிருந்தது. ராஜம்மாள் முகம் என்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு தாள்தான்.

“உன் பொண்ணைக் கூட்டிட்டு வா” என்றார் தானியேல்.

குழந்தை செண்பகம் அப்பன் மடியில் உட்கார்ந்து அவரை முறைத்தது. தானியேல் பிளேடை எடுத்து அமிர்தவள்ளியின் கண்களைச் சுரண்டினார். கொஞ்சம் அழுந்தினாலும் தாள் கிழிந்துவிடும். கிழியவில்லை. பிறகு குழந்தையைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஈரம் காய்வதற்குள் பெருமாள், “மொறைக்கிறா பாருங்க” என்று சிரித்தான், அழுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒடுகத்தூருக்கு வந்த படங்களில் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த ஜுரத்தில் இறந்த என் சித்தியின் படம். அதை வரைந்தபோது என் அம்மாவும் படுக்கையில் கிடந்தாள். சில வருஷம் கழித்து ஒரு பெரியவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். குடிக்காமல் சுவரில் இருந்த அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கடி வந்தார். ஒருநாள் அம்மா அதட்டிக் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னார்.

“தப்பு என்னுதுதாம்மா. நீங்க எதிர்ல உக்காந்தீங்கன்னா உங்க தங்கச்சி கண்ணையே போட்டுர்றேன்” என்று பையிலிருந்து பிளேடை எடுத்தார்.

அம்மா படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அந்தத் தங்கச்சிமேல் உயிர்.

“வேணாங்க. என் தங்கச்சி கண்ணு என் மூஞ்சிலயே இருக்குது. உங்க வீட்டுக்காரம்மா இங்கயே இருக்கட்டும். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க” என்றாள்.