கோப்பையில் இல்லாத புகை

"அப்பன் தார் போடுற ஆளு. வீட்டுல யாரும் ஸ்கூல் வாசல் மிதிச்சதில்ல. இதுல நீ ஆளுகளுக்கு சிங்கிள் மால்ட் பத்தி கிளாஸ் எடுக்கப் போறியா? உன்னால ஒக்குமா மக்கா?"

கேட்டவர் எங்கள் ஹோட்டலின் பார் மேனேஜர். மார்த்தாண்டத்துக்காரர். அவர் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும். நேர்காணலில் அப்பாவின் வேலையை நான் மறைக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, கழக்கூட்டம் நெடுஞ்சாலையில் தார் காய்ச்சியவர் அவர். அந்தக் கூலியில்தான் நான் ஹோட்டல் நிர்வாகம் படித்தேன்.

"தார் வாசம் தெரிஞ்சவளுக்கு இது சீக்கிரம் புரியும் சார்" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனாலும் ஒரு விஸ்கிப் புட்டியை என்னிடம் கொடுத்தார். விருந்தினர்களை உட்காரவைத்து, புகையேறிய மால்ட் விஸ்கியை ஒவ்வொரு வாயாகச் சுவைக்கச் சொல்லித்தரும் மாலை ஒன்றை ஹோட்டல் ஏற்பாடு செய்திருந்தது. அதை நான் நன்றாக நடத்திக்காட்டினால் பாரில் நிரந்தர வேலை. இல்லையென்றால் பழையபடி காலை உணவுப் பிரிவில் தட்டு தூக்க வேண்டியதுதான்.

சதுப்பு நிலத்தில் புல்லும் பாசியும் செத்து, மட்கி, மண்ணாகவும் ஆகாமல் கரியாகவும் ஆகாமல் நடுவில் நின்றுபோன பொருளுக்குப் பெயர் பீட். ஸ்காட்லாந்தில் அதை வெட்டி எடுத்து எரித்து, முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் காயவைக்கிறார்கள். தானியத்துக்குள் ஏறிய புகை, காய்ச்சி வடித்த பிறகும் போவதில்லை. மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தாலும் போவதில்லை.

முதன்முதலாக முகர்ந்தபோது எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டிய துணியின் வாடை. கொஞ்சம் பொறுத்தால் உப்பு. விழிஞ்ஞம் துறையில் மழையில் நனைந்து கிடக்கும் வலைக்கு அந்த வாடை உண்டு. காயலில் ஊறப்போட்ட தேங்காய் மட்டையைச் சேற்றிலிருந்து இழுக்கும்போது வருவதும் அதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் தார். வாயில் வைத்தால் முதலில் இனிப்புத்தான், பாகு அடிப்பிடித்தாற்போல. பிறகு அந்த இனிப்பு விலகிக்கொள்ளும். சாம்பல் மட்டும் நிற்கும். துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாலும் நிற்கும். எங்கோ தீப்பிடித்து எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தவள்போல ஒவ்வொரு தடவையும் உணர்ந்தேன். ஏன் காசு கொடுத்து இதைத் தேடுகிறார்கள் என்று முதல் வாரம் புரியவில்லை. இரண்டாம் வாரம் எனக்கே அது வேண்டியிருந்தது.

நிகழ்ச்சியன்று பிற்பகல் ஒத்திகை. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நான்கு புறமும் மரப்பலகை, ஒரே கதவு. பலகைகள் பளபளக்கவேண்டும் என்று முந்தைய நாள்தான் அவசரமாகப் புது விளக்குகளைக் கூரையில் மாட்டியிருந்தார்கள். மது நிறுவனம் அனுப்பிய பயிற்சியாளர், மேனேஜர், பரிமாறும் பையன்கள் சிலர், நான். எல்லார் முன்னாலும் கோப்பைகள்.

பயிற்சியாளர் கொச்சிக்காரர். மூக்கைக் கோப்பைக்குள் விட்டு, கண்ணை மூடி, "ஆ! ரப்பர். கரிஞ்ச ரப்பர். கிட்டியோ?" என்றார்.

"கிட்டி சார்" என்றார்கள் எல்லாரும்.

"எனக்குப் பழைய டயரு கிட்டி சார்" என்றான் ஒருவன்.

"நின்றெ பைக்கோட டயராயிருக்கும்டா" என்றார் பயிற்சியாளர். சிரிப்பு.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "இத்தனை நாளா மணத்துப் பார்த்தியே, ரப்பர்னு ஒரு வார்த்தை சொல்லலியே மக்கா?"

எனக்கும் ரப்பர் வந்தது. ஆனால் அந்தப் புட்டியில் நான் அதை ஒருநாளும் கண்டதில்லை. மூக்கு குழம்பும்போது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முழங்கையை மடக்கி, சொந்தச் சட்டைக் கையை முகர்ந்துகொள்வோம். நம் வாசனை மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அப்படிச் செய்தேன். காலையில் துவைத்துப் போட்ட என் சட்டையில் கரிந்த ரப்பர் இருந்தது.

என் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெளியே நடைவழிக்குப் போனேன். கையை எடுத்து முகர்ந்தேன். மருந்து, உப்பு, தார். அவ்வளவுதான். கதவைத் திறந்து திரும்ப உள்ளே வந்தபோது அந்த வாடை முகத்தில் அறைந்தது. உள்ளே இருந்தவர்கள் அதற்குள் பழகிப்போய், மெல்லத் தலையாட்டிக்கொண்டு, அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இது கிளாஸ்ல இல்ல. ரூம்ல இருக்கு. எங்கேயோ ஒயர் எரியுது."

"இப்ப ரூமையும் டேஸ்ட் பண்ணத் தொடங்கியாச்சு" என்றார் பயிற்சியாளர். பையன்கள் சிரித்தார்கள். நான் சுவரில் இருந்த விளக்குச் சுவிட்சுகளை எல்லாம் அணைத்தேன். இருட்டில் சிரிப்பு நின்றது. மரப்பலகைக்கு மேலே, கூரை இடுக்கில், ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்து அணைந்தது.

எலெக்ட்ரீஷியன் வந்து கூரைத் தகட்டைக் கழற்றினார். ஒயரின் உறை உருகி, பக்கத்து மரச்சட்டத்தில் கறுப்பாக வழிந்திருந்தது. மழைநீர் கசிந்த தடமும் இருந்தது. உருகிய பகுதியை வெட்டிவிட்டு, புதுத்துண்டை முறுக்கி, டேப் சுற்றினார்.

"இது தாங்காது சார். முழுசா மாத்தணும்."

"இன்னைக்கு ராத்திரிக்கு இது மதி, போதும். நாளைக்கு மாத்தாம்" என்றார் மேனேஜர். தகடு பழையபடி மூடப்பட்டது. விளக்குகள் எரிந்தன. பலகைகள் பளபளத்தன.

பிறகு மேனேஜர் என்னை நடைவழிக்கு அழைத்துப்போனார். அவர் அத்தனை அன்பாக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"உனக்க மூக்கு கெட்டிதான். ஒத்துக்கிட்டேன். போஸ்ட் உனக்குத்தான். ஒரே ஒரு காரியம். கெஸ்ட் யாராவது என்ன வாடைன்னு கேட்டா, அது பீட்டுன்னு சொல்லிரு. நீ சொன்னா நம்புவாங்க."

நம்புவார்கள். அதுதான் என்னைக் கலங்கவைத்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள், ஊர் உலகம் சுற்றியவர்கள், புகை வாடை வரும்போது என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் புன்னகைத்து, மூச்சை ஆழமாக இழுங்கள் என்பேன். இழுப்பார்கள். ஒரே கதவுள்ள அறையில், அது எத்தனை நேர்த்தியான புகை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"நான் அப்படிச் சொல்லமாட்டேன் சார். நிகழ்ச்சியை வேற ஹாலுக்கு மாத்துங்க."

"மாத்த ஒக்காது. உனக்குப் பதிலா வேற ஆளு நின்னு சொல்லும். யோசிச்சுக்கோ."

பரிமாறும் பையன்கள் அந்த அறையில் நாற்காலிகளை நெருக்கி நெருக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் நிறையப் பேருக்கு இடம் வேண்டுமாம். ஏசியைக் கூட்டிவைத்திருந்தார்கள். வாடை குறைந்திருந்தது. போகவில்லை.

ஊழியர் வாசல் வழியாக வெளியே வந்து, கிடைத்த ஆட்டோவில் ஏறினேன். தீயணைப்பு நிலையத்தில் வண்டிகள் மழையில் கழுவிவிட்டதுபோல நின்றன. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தேநீரை ஓரமாக வைத்துவிட்டு, என் சீருடையைப் பார்த்தார்.

"எந்தா மோளே, எவிடெயாணு தீ?"

"தீ இன்னும் பிடிக்கல சார்" என்றேன். ஹோட்டலின் பெயரைச் சொன்னேன். அறை எந்த மாடியில், கூரையின் எந்த மூலையில் என்பதைச் சொன்னேன். யார் புகார் கொடுத்தது என்று ஹோட்டல்காரர்கள் கேட்டால் என்ன சொல்லட்டும் என்று அவர் கேட்பதற்கு முன்பே, என் பெயரையும் சொல்லியிருந்தேன்.