வெள்ளிக்கிழமை வாங்காத நோட்டு

கோர்ட்டு சம்மனை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கன்னியப்பன் எங்கள் ஆபீசுக்கு வந்தபோது அவன் முகத்தில் பயமே இல்லை. கோபம்தான் இருந்தது. பூந்தமல்லி முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே என் வக்கீலுக்கு ஆபீஸ். நான் அவரிடம் குமாஸ்தா. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். விவசாயிகளின் கடனைக் குறைக்கும் சட்டமெல்லாம் அப்போது வரவில்லை.

“யாரோ பட்டணத்து மண்டிக்காரராம். மூஞ்சியக்கூட பாத்ததில்ல சாமி. அவருக்கு நான் முந்நூறு ரூபாயும் வட்டியும் தரணுமாம். இன்னா அக்குறும்பு இது!” என்றான்.

சம்மனோடு வந்திருந்த பிராது நகலைப் படித்தேன். கன்னியப்பன் முகப்பேரில் பயிர் வைக்கிறவன். திருவேற்காட்டு நெல் வியாபாரி சபாபதியிடம் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கியிருந்தான். சபாபதி அந்த நோட்டின் முதுகில் கையெழுத்துப் போட்டு, மண்டிக்காரரிடம் கொடுத்து, ரொக்கம் வாங்கிக்கொண்டுவிட்டார். கடனை இப்படிக் கைமாற்றுவதை நாங்கள் மேடோவர் என்போம். இது தினம் நடக்கிற சங்கதிதான்.

“நான் எப்பவோ கட்டிட்டேனே! உழவு மாட்ட வித்துக் கட்டினேன்.”

“எப்போ? மேடோவருக்கு முன்னாலயா?”

“போன தையில. அப்பறம் ஆடியிலதான் கை மாறிச்சுன்னு இதுல போட்டுக்கீதாமே.”

“சரி, நோட்டை வாங்கிக் கிழிச்சியா?”

“அன்னிக்கு வெள்ளிக்கெழமை சாமி” என்றான், எல்லாம் சொல்லிவிட்டவன் மாதிரி.

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை பணம் வந்தால் வாங்கிக்கொள்வார்கள், அது லட்சுமி. பெட்டியைத் திறந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள். லட்சுமி உள்ளே வரலாம், காகிதம் வெளியே போகக்கூடாது. நல்ல நியாயம்! சபாபதி பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, “நோட்டை நாளைக்கு வந்து வாங்கிக்கப்பா” என்றிருக்கிறார். இவன் தயங்கி நின்றிருக்கிறான். கூடப் போன பெண்டாட்டி செங்கம்மாதான், “வெள்ளிக்கெழமையும் அதுவுமா அவங்க பொட்டியத் தொறக்கச் சொல்றதா? வாய்யா, ஊட்டுக்குப் போலாம்” என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை. கடன்தான் தீர்ந்துவிட்டதே, வெறும் தாளுக்கு ஒரு நடையா என்று இருந்துவிட்டான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தை நன்றாகக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அது முத்திரைத்தாளில் எழுதிய சாதாரணக் கடன் பாண்டாக இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். பாண்டைக் கைமாற்றினால், கடன் வாங்கியவனுக்கு அதைச் சொல்லி நோட்டீஸ் வரும்வரை அவன் பழையவரிடம் கட்டியது செல்லும். புதிதாக வந்தவர் வாயைத் திறக்க முடியாது. புரோநோட்டு அப்படியில்லை. ரூபாய் நோட்டு மாதிரி அது. விவரம் தெரியாமல், விலை கொடுத்து வாங்கியவர் கையில் அது இருந்தால், கட்டிய கதையை அவரிடம் சொல்லிப் பலனில்லை.

வக்கீல் அதைச் சொல்லி, பாதிப் பணத்துக்கு ராஜியாகப் போகலாமா என்று கேட்டார். கன்னியப்பன் எழுந்தே விட்டான்.

“கட்டின கடன இன்னொரு தபா கட்ட நான் இன்னா கேணையா? சபாபதி மொதலாளியக் கூண்டுல ஏத்துங்க. அவரு சாமிக்கு பயந்தவரு.”

சபாபதிக்குச் சம்மன் அனுப்பினோம். அதற்குள் அவர் வியாபாரம் நொடித்து மஞ்சக் கடுதாசி கொடுத்திருந்தார். வரமாட்டார், வந்தாலும் பொய் சொல்வார் என்று நினைத்தேன். மனிதர் வந்தார். சத்தியம் பண்ணிக்கொண்டு, “வாங்கினேன். அசலும் வட்டியும் தம்பிடி பாக்கியில்லாம வாங்கினேன். நெருக்கடி தாங்காம நோட்டை மாத்திட்டேன். பாவம் என்னோடதுதான்” என்றார்.

கன்னியப்பன் திரும்பிச் செங்கம்மாவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

மண்டிக்காரரும் பொய் சொல்லவில்லை. “நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால ஒரு வரவும் எழுதல. நம்பி ரொக்கம் கொடுத்தேன்” என்றார். அவருக்கு விவரம் தெரியும் என்று நிரூபிக்க எங்கள் வக்கீல் அரைநாள் தலைகீழாக நின்று பார்த்தார். ஆனால் அவருக்கு நிஜமாகவே தெரியாது.

தீர்ப்பில் முன்சீப், பிரதிவாதி பணம் கட்டியதை நம்புகிறேன் என்றுதான் எழுதினார். அதற்கு அடுத்த வரியில் மண்டிக்காரருக்கு முழுப்பணமும் செலவுத்தொகையோடு கட்டச்சொல்லி டிக்ரி. சபாபதியிடம் அவன் வசூல் செய்துகொள்ளலாமாம். மஞ்சக் கடுதாசி கொடுத்தவனிடம் எதைப் பிடுங்குவது? அவர் பின்னால் ஏற்கெனவே கடன் கொடுத்தவர்களின் பெரிய கும்பலே அலைந்துகொண்டிருந்தது.

டிக்ரிப் பணம் கட்ட வழியில்லை. ஏரிக்குக் கீழே இருந்த முக்கால் காணி ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தது. குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த ஒரு துண்டு நிலம்தான். தவணை கேட்டுப் பார்க்கலாம் என்று நானும் முகப்பேருக்குப் போனேன். மண்டிக்காரரின் ஆள் முடியவே முடியாது என்றுவிட்டார். கோர்ட்டு அமீனா நிற்க, தமுக்கு அடித்தார்கள். நெல் பால் பிடித்திருந்த நேரம். செங்கம்மா வயலுக்குள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். யாரோ, “இன்னும் எதுக்கும்மா?” என்றார்கள். “என்னாலதான போச்சு” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் குனிந்தாள்.

கன்னியப்பனுக்குக் கோபமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. என்னிடம் மெதுவாகத்தான் கேட்டான்.

“வாங்கினவரு வாங்கினேன்னாரு. கோர்ட்டாரும் நம்பறேன்னாரு. மண்டிக்காரரும் நல்லவருதான்றீங்க. அப்போ எந்நெலம் இன்னாத்துக்கு சாமி போவுது?”

சட்டத்தைச் சொல்லியிருக்கலாம். பூந்தமல்லி ரோட்டைப் பார்த்து நடையைக் கட்டினேன். வெகுதூரம் வந்தும் தமுக்குச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு யார் ஆபீசுக்கு வந்தாலும் ஒன்றுதான் சொல்வேன். கடனை அடைக்கிற அன்றைக்கே, அந்த நிமிஷமே, நோட்டைக் கையில் வாங்கு. தர மறுத்தால் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பு. உண்மை நம் பக்கம் இருக்கிறது, பயமென்ன என்று சிலர் வீறாப்பாகச் சொல்வார்கள். கன்னியப்பன் பக்கமும் அது இருந்தது என்பேன்.