கெல்சோமின் சூட்டுக் கை

கெல்சோமுக்குப் பிறவியிலேயே சூட்டுக் கை. அவள் நட்ட மிளகாய் நாற்று மூன்றாம் நாளே துவண்டுவிடும் என்பார்கள். ஆனால் கோலா பெசுட் என்ற மீன்பிடி ஊரின் படகுத்துறைப் பக்கம் யார் பிள்ளை பெற்றாலும் முதல் ஆள் அவள் வீட்டுக்குத்தான் வரும். எண்ணெய் தொட்டு அவள் வயிற்றை நீவிவிட்டால் தனியாக ஒற்றடம் வேண்டாம். ரொக்கயாவின் நான்கு பிரசவத்துக்கும் நீவியது அந்தக் கைதான்.

அதே ரொக்கயாதான் இப்போது தன் மீன் உருண்டைக் கொட்டகையில் அவளை இடம் மாற்றப் பார்த்தாள்.

ரொக்கயா வீட்டுக்குப் பின்னால் அவளையும் சேர்த்து மூன்று பெண்கள் உட்கார்ந்து முள்வாளை மீனின் சதையைக் கரண்டியால் சுரண்டி, உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சட்டியில் அறைந்து அறைந்து உருண்டை பிடிப்பார்கள். எல்லாம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குப் போகும். முள்ளுக்குப் பயந்து மீனையே தொடாத பிள்ளைகள் இதைக் கேட்டு வாங்கித் தின்றன. எலும்பும் தோலுமாய் இருந்த இரண்டு பிள்ளைகள் சதை பிடித்துவிட்டதாக கிளினிக் நர்ஸ் சொன்னாள்.

கெல்சோமின் உருண்டைகள் மட்டும் கொதிநீரில் விழுந்ததும் உதிர்ந்தன. அந்த வாரத்தில் இது இரண்டாம் முறை.

"அக்கா, இது உருண்டையா, கஞ்சியா?" என்றாள் மூன்றாமவள் தீமா.

ரொக்கயா சிரிக்கவில்லை. "கெல்சோம், நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா நீ வெளிய செதில் சுரண்டப் போயிரு. புள்ளைங்களுக்குத் தூளைக் குடுக்க முடியாது. கோவிச்சுக்காத. உன் கை அப்படி."

செதில் சுரண்டுவது கிணற்றடியில், பூனைகளோடு. கெல்சோமின் புருஷன் டெராமான் கடலுக்குப் போனால் நாலு நாள் வரமாட்டான். பேச்சுக் குரல் காதில் விழும் ஒரே இடம் அவளுக்கு அந்தக் கொட்டகைதான். அவள் அதிகம் பேசமாட்டாள், கேட்டுக்கொண்டிருப்பாள். அதுவும் போய்விடுமோ என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தாள்.

ராத்திரி முட்டை பொரிக்கையில் பார்த்தாள். கண்ணாடிபோல் இருந்த வெள்ளைக்கரு, சட்டியின் சூடு பட்ட ஓரத்தில் முதலில் வெளுத்தது. வெளுத்த பகுதி பிறகு எதனோடும் ஒட்டவில்லை. சுரண்டும்போது பளபளவென்று இருக்கும் மீன், தான் அறைய அறைய மங்கிப்போவது அவளுக்கு நினைவு வந்தது. மீன் தன் உள்ளங்கையிலேயே வேக ஆரம்பித்துவிடுகிறது என்று தோன்றியது.

மறுநாள், கரைக்கு வந்திருந்த டெராமானின் படகிலிருந்து ஒரு வாளி ஐஸ் கொண்டுபோனாள். சட்டியை ஐஸ்மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர். பத்துமுறை அறைவாள், கையை மணிக்கட்டு வரை முக்குவாள், துணியில் துடைப்பாள், மறுபடி அறைவாள். விரல் மரத்துப்போனது.

"மீனுக்கு ஜலதோஷம் புடிச்சிரப் போவுது அக்கா," என்றாள் தீமா.

உருண்டைகள் கொதிநீரில் அடியில் கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாக, முழுசாக மிதந்து வந்தன. ரொக்கயா ஒன்றை எடுத்து மேசையில் போட்டாள். அது துள்ளியது.

"சரி, உக்காரு," என்றாள் ரொக்கயா. "ஐஸ் செஞ்ச வேலை இது. கைய நம்பிறாத."

கெல்சோம் உட்கார்ந்தாள்.

நோன்பு மாதம் கழிந்தபின் ஒரு நாள் ரொக்கயாவின் முகம் திடீரென்று சிவந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கு வரும் அந்தச் சூடு. சட்டியில் அவள் பிசைந்த மீன் நெகிழ்ந்து மங்கிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் வேகமாக அறைந்தாள், இன்னும் நெகிழ்ந்தது. தீமா எதையோ சொல்ல வாயெடுத்தாள். கெல்சோம் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

கெல்சோம் தன் ஐஸ் கிண்ணத்தை ரொக்கயாவின் முழங்கைப் பக்கம் தள்ளினாள்.

ரொக்கயா அறைவதை நிறுத்தினாள். பிறகு இரண்டு கையையும் முக்கினாள்.

"பல்லு கிட்டுது," என்றாள்.

"பழகிரும் அக்கா," என்றாள் கெல்சோம். "இந்தாங்க, துணி."